‘வச்சுக்கோங்க’ என்று கொடுத்த மெஷின்

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாபின்’ என்றால்தான் தெரியும். முப்பது வருடமாக மெஷின்களின் வயிற்றைத் திறந்து பார்க்கிறவர். நூல் அறுந்தால் ஊசியைக் குறை சொல்ல மாட்டார்; தைக்கிற ஆளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். டீக்கடையில் சில்லறை கொடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். ஊரையே சந்தேகப்பட்ட அந்த மனுஷனை, கடைசியில், கட்டிய மனைவியே சந்தேகப்பட்டாள்.

எல்லாம் ஒரு கறுப்பு மெஷினால். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுடையது. அதில் உட்கார்ந்துதான் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள். மோட்டார் வைத்த புதுசு வந்ததும் பழசு மூலைக்குப் போனது. அவள் தங்கச்சி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாபின் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஊர் மியூசியத்தில் இறக்கிவிட்டார். இடம் அடைக்கிறது என்பது காரணம். மியூசியத்துக்காரர் காபி வாங்கிக் கொடுத்தார் என்று தெருவில் ஒரு பேச்சு. அதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் திரும்பி வந்தாள். மூலையைப் பார்த்தாள்.

“எங்க?”

“மியூசியத்துல குடுத்திருக்கேன்.”

“எவ்வளவுக்கு?”

அவர் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினார். அவள் அசையவில்லை. மறுநாள் காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு மியூசியத்துக்கே போய்விட்டாள்.

நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை, அவ்வளவுதான் மியூசியம். துருப்பிடித்த தராசு, உடைந்த கடிகாரம், யாருடையது என்று தெரியாத ஒரு தொப்பி. மெஷின் இல்லை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிய மியூசியத்துக்காரர் மென்று விழுங்கினார். “கண்காட்சிக்காகப் பக்கத்து ஊர் மியூசியத்துக்குப் போயிருக்கு.”

அவள் கைப்பையிலிருந்து தையல் அளவு எழுதுகிற நோட்டை எடுத்தாள். “இப்ப சொன்னதை இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க.” சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பாபின் தன் பங்குக்குக் குனிந்து மேஜைகளுக்கு அடியிலெல்லாம் பார்த்தார்.

பக்கத்து ஊரில் பழைய தபால் ஆபீஸ் மாடிதான் மியூசியம். “நேத்துதான் அடுத்த ஊருக்கு அனுப்பினோம்” என்றார்கள். அடுத்த ஊரில், “இன்னிக்குக் காலையிலதான் போச்சு.” அங்கே இரண்டு நாற்காலி போட்டு, பதிவேட்டை அவர்களே திறந்து வைத்தார்கள். “எல்லாம் சரியா இருக்கு மேடம், பாருங்க.”

பாபினுக்குப் பொறி தட்டியது. “மூணு பேரும் கூட்டு. எவனோ வித்துத் தின்னுட்டான். இல்லன்னா உன்னை எதுக்கு மேடம்ங்கறான்?”

“என்னைக் கேட்டா? உங்க கூட்டாளிங்கதானே, நீங்களே கேளுங்க.”

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் கைப்பையை வைத்து, நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவருக்குக் கிடைத்தது பாதி ஓரம். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரைத் திருடன் என்று யாரும் சொன்னதில்லை. மெஷின் கிடைக்காவிட்டால் இனி வாழ்நாள் முழுக்க அந்தப் பாதி ஓரம்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மாவட்டத்தில் மியூசியம் மொத்தமே நாலு. கடைசியானது பஸ் திரும்புகிற இடத்தில், மூடிப்போன ரயில் நிலையத்தில் இருந்தது. அங்கிருந்த குண்டு மனிதர் இவர்களைக் கண்டதும் ஒரு கதவை முதுகால் மறைத்து நின்றார். அவள் அந்தக் கதவைத்தான் திறந்தாள். உள்ளே ஜன்னல் திரையால் மூடி, மேலே பாடம் பண்ணின ஆந்தையை உட்கார வைத்து, ஒரு குவியல். திரையை இழுத்தாள். கறுப்பு மெஷின்.

குண்டு மனிதர் கையைக் கட்டிக்கொண்டார். “மேடம், ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க. ஆய்வுக்கு ஒரு அம்மா நோட்டோட வர்றாங்க, கூட வர்ற ஆள் அடியிலெல்லாம் குனிஞ்சு பாக்கறாருன்னு போன் வந்துச்சு. இது பதிவுல இல்லாத பொருள். கண்காட்சிக்குன்னு வந்ததை, போன் வந்ததும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தள்ளி விட்டுட்டாங்க; நேத்து, காலையிலன்னு சொன்னதெல்லாம் சும்மா. இதுக்கு மேல தள்ள எனக்கு மியூசியம் இல்ல.”

“ஏன் பதியல?”

“குடுத்தவர் ‘வச்சுக்கோங்க’ன்னுட்டுப் போயிட்டாராம். நீங்களே எடுத்துக்கோங்கன்னு அர்த்தமா, சும்மா பாத்துக்கோங்கன்னு அர்த்தமா? தெரியாம எப்படி எழுதறது?”

பாபின் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தியா? சல்லிக்காசு வாங்கல.”

“வித்திருந்தாக்கூட ஏதோ பண முடைன்னு நினைச்சிருப்பேன்,” என்றாள் அவள். “என் மெஷினை என்னைக் கேக்காம சும்மா தூக்கிக் குடுத்திருக்கீங்க. இப்ப சொல்லுங்க, எந்த ‘வச்சுக்கோங்க’?”

பாபின் ஆந்தையைப் பார்த்தார். அது உதவவில்லை. “பத்திரமா பாத்துக்கோங்கன்னுதான் சொன்னேன்,” என்றார். முழுப் பொய்.

“அப்ப சரி. தூக்குங்க.”

“இங்கிருந்தா? பஸ் ஸ்டாப் அரை கிலோமீட்டர். இரும்பு, கனக்கும்.”

“கொண்டுபோய்க் குடுக்கறப்ப கனக்கலையா?”

அவர் ஒரு பக்கம் பிடித்தார். குண்டு மனிதர் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். தொல்லை ஒழிந்தால் போதும் என்ற வேகம். பாதி வழியில் மூச்சு வாங்கக் குண்டு மனிதர் கேட்டார்: “மேடம், அந்த ரிப்போர்ட்டு…”

“நல்லபடியா எழுதறேன். நீங்க மெஷின் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, தரையில இடிக்குது.”

பாபின் தன் பக்கத்துக் காலையும் இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.