ஒரே சிடியில் மூன்று மணி நேரம்

பிரிக்பீல்ட்ஸில், வீடியோவைச் சிடியில் பதிந்து தரும் மாடிக் கடை ஒன்றில் கடைக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். பதிந்து முடித்த சிடியை வாயருகே வைத்து ஊதி, சட்டையில் துடைத்துத்தான் கொடுப்பார்.

அம்மாவின் இறுதிச் சடங்கு வீடியோ மூன்று மணி நேரம். படுக்கையில் கிடந்த அப்பா சடங்குக்கு வரவில்லை. எழுந்து சிடி மாற்றவும் அவரால் முடியாது. பழைய பிளேயரில் ஓடுமாறு ஒரே சிடியில் அடக்கித் தரச் சொன்னேன்.

"ஒரு மணி நேரந்தான் அண்ணே கொள்ளும். மூணு வேணும்னா எங்கயாவது படத்தோட தெளிவக் குறைக்கணும் லா."

திரையில் அம்மாவைக் காட்டினார்.

"இவங்க அசையவே இல்ல. இவங்களுக்குக் கொஞ்சம் போதும். அழுறவங்கதான் ஆடுறாங்க, அவங்களுக்கு நிறையக் கொடுப்போம். சரியா?"

சிரித்தார். தலையாட்டினேன்.

கிள்ளானில் அப்பாவின் வீட்டில் சிடி ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது. தம்பியின் கண்ணீர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவின் முகம் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்திருந்தது.

"அவ எங்கடா?" என்றார் அப்பா.

விரலால் காட்டினேன். வேறு சிடி வாங்கி வருவதாகச் சொன்னேன்.

"வேணாம்டா. பார்த்துட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கடைக்காரரை வைய எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்டுத்தான் செய்தார்.