படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

இதனால் மேலத்தெருவாசிகள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், சென்ற புதன்கிழமை எங்கள் வீட்டுச் செவலைக் கோழி காலை ஏழரை மணி வரை தூங்கியது. அதன் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. அது பக்கத்து வீட்டுப் பச்சைக் காருக்கு அடியில்தான் படுக்கும். ஆறரை மணிக்கு ரோசம்மா அத்தை இரண்டு முறை ஹாரன் அடிப்பார், கோழி முணுமுணுத்துக்கொண்டே வெளியே வரும், அதன் பிறகுதான் வண்டி நகரும். அன்றைக்கு ஹாரன் அடிக்கவில்லை. கோழியைத் தேடிப் போன அம்மா, அத்தை வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் அழுகைதான் வந்தது. அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவரை நர்சம்மா என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு நன்றாகத் தெரியும். மீதிப் பேர் அவர் கையில்தான் பிறந்தீர்கள், அதனால் ஞாபகம் இருக்காது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான் வேலி. அந்த உறவில்தான் அவர் எனக்கு அத்தை.

இன்னொன்றையும் பதிவு செய்துவிடுகிறேன். அந்தப் பச்சை வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இதை உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறை கேட்டால் காது தேய்ந்துவிடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால், கால்வாய்க் கரையில் மொபெட்டோடு விழுந்து அத்தைக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. அவருடைய தம்பி சேவியர் மாமா மறுநாளே கடற்கரை ஊரான உவரியிலிருந்து வந்துவிட்டார்.

"அக்கா, ஒடிஞ்ச கைய வச்சிக்கிட்டு இங்கன என்ன செய்யப் போற? பேசாம நம்ம வீட்டுக்கு வா."

"வாழைத் தோட்டத்துக்கு அங்கிட்டு இருக்க பிள்ளைகள யாரு பாப்பா?"

"நீ பிறக்கதுக்கு முன்னாடி அங்க யாரும் பிள்ள பெறலையாக்கும்?"

"பெத்தாளுக. எத்தனை பேரு பிழைச்சாளுகன்னு கேட்டுட்டு வா."

அத்தை கொஞ்சம் இறங்கி வந்தார். "கை கூடட்டும். ஐப்பசி மழைக்குள்ள பழைய கார் ஒண்ணு வாங்கி ஓட்டப் படிக்கேன். முடியலைன்னா பெட்டியைக் கட்டுதேன், போதுமா?"

மாமா போனதும் நான் கேட்டேன்: "உவரிக்குப் போனா மீனுக்கா அத்தை பிரசவம் பாப்பீங்க?"

"மீனு உன்னைய மாதிரி வாயடிக்காதுலே. நிம்மதியா இருப்பேன்."

சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து காலண்டரில் ஐப்பசி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மிகவும் பக்கத்தில் இருந்தது.

தார்ச்சாலை முடிந்தபின் மலையடிக் குடியிருப்புகளுக்குப் போகும் கரைப் பாதையை நீங்கள் அறிவீர்கள். டிராக்டர் சக்கரம் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்திருக்கும், நடுவில் புல் முளைத்த மேடு நிற்கும். வாடகைக் கார்க்காரர்கள் அங்கே வரமாட்டேன் என்று கும்பிடு போட்டுவிடுவார்கள். கார் பார்க்கக் கிளம்புமுன் அத்தை அந்தப் பாதைக்குப் போய், தான் சோறு கொண்டுபோகும் பெரிய தூக்குச்சட்டியை நடுமேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேடும் சட்டியும் ஒரே உயரம். அன்றிலிருந்து அதுதான் அளவுகோல். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் தூக்குச்சட்டியை அதன் அடியில் நுழைப்பார். நுழையாவிட்டால் கதவைக்கூடத் திறக்கமாட்டார்.

நுழைந்துவிட்டால் அடுத்த பரீட்சை. பின் கதவைத் திறந்து, சீட்டில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்வார். "ஓட்டுங்க" என்பார்.

மேலப்பாளையத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு பாயின் வெள்ளைக் காரில் அத்தை இப்படிப் படுத்தபோது பாய் பதறிவிட்டார்.

"என்னம்மா, வண்டி வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

"பிள்ளை பெற வந்தேன் பாய்."

அத்தைக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பாய் என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "முதல் பிரசவம்" என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் எங்களுக்குச் சாயா கிடைத்தது. ஆனால் அந்தக் காரில் மடக்கிய முழங்கால் முன் சீட்டில் இடித்தது, தலை கதவுக் கைப்பிடியில் முட்டியது. "நல்ல வண்டிதான் பாய். உக்காந்து போறவங்களுக்கு" என்றார் அத்தை. பாய் கோபித்துக்கொள்ளவில்லை. ஏரலில் வாழைக்காய் வியாபாரம் செய்யும் தன் கூட்டாளி ஒரு பழைய பியட்டை விற்கப்போவதாகச் சொல்லி முகவரி எழுதிக் கொடுத்தார்.

அதற்கு நடுவில் பாளையங்கோட்டைத் தரகர் ஒருவர் சிவப்புக் காரோடு வந்தார். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. உள்ளே டேப் ரிக்கார்டர், ஜன்னலுக்குத் திரை, திரைக்குக் குஞ்சம்.

"இன்ஜினைக் கேளுங்க நர்சம்மா, பூனை மாதிரி உறுமுது!"

"இன்ஜினை மெக்கானிக் பாப்பாரு அண்ணாச்சி. ஏலே, போய் அந்தத் தூக்கை எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். தூக்குச்சட்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. தரகர் கைதட்டினார். அத்தை சட்டியை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேண்டாம் அண்ணாச்சி, வண்டி இறக்கமா இருக்கு" என்றார்.

"அளவுதான் சரியா இருக்கே! நீங்களே பாத்தீங்கள்லா?"

"பாத்தேன். நல்லாவே பாத்தேன்."

தரகர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கார் தெரு திரும்பும்வரை குஞ்சம் ஆடிக்கொண்டே போனது.

ஏரல் அண்ணாச்சி தன் பச்சை வண்டியை நம் களக்காட்டுக்கே கொண்டுவந்தார். பெயிண்டு அங்கங்கே உதிர்ந்து, உள்ளே வாழைக்காய்க் கறை மணத்தது. வாழையைத் தார் தாராக ஏற்றியதால், பின்னால் ஸ்பிரிங் வில்லில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். அதனால் வண்டி முழங்காலுக்குச் சேலையைத் தூக்கிச் சொருகிய மாதிரி உயரமாக நின்றது. தூக்குச்சட்டி தாராளமாக நுழைந்தது. அன்றைக்குக் கரைப் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தோம். முன்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று அத்தை முன் சீட்டில் ஏறிக்கொண்டு, பிரசவிக்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்.

நான் விடுவேனா? முதல் பள்ளத்திலேயே, "ஐயோ, அம்மா, செத்தேனே!" என்று அலறினேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஏரல் அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டார். அத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி. ஏலே, பிள்ளை பெறுகவ இப்படிக் கத்தமாட்டா. பல்லைக் கடிச்சிக்கிட்டு என் கையத்தான் பிடிப்பா. எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு."

"தூக்கிப் போடுது அத்தை. ஆனா இடிக்கல."

"ரெண்டு ஆளு கூட ஏறினா தூக்கிப் போடுதது அடங்கிரும். அடி தட்டாம இருந்தாப் போதும்."

அடி தட்டவில்லை. அத்தை வண்டியை வாங்கினார். ஒடிந்து கூடிய கையோடு இருபது நாளில் ஓட்டப் படித்தார். அந்த இருபது நாளில் எங்கள் முருங்கை மரத்தை இரண்டு முறை சந்தித்தார்.

ஐப்பசியில் மழை சரியாக வந்தது. ஒரு மத்தியானம் குடியிருப்பிலிருந்து பேச்சியம்மாளை ஏற்றிக்கொண்டு அத்தை அந்தக் கரைப் பாதையில் வந்தார். பள்ளமெல்லாம் தண்ணீர். நடுமேடு மட்டும் பாம்பு முதுகு போலத் தெரிந்ததாம். வண்டி நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சேவியர் மாமா பெட்டி கட்ட வந்தவர், குழந்தையைப் பார்த்துவிட்டுக் கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை டீக்கடையில்தான் நான் முதன்முதலாகச் சொன்னேன்: "வண்டி யாரு பாத்தது? நான்லா!" அப்போது அத்தை அங்கே வந்துவிட்டார். நான் டீ கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "ஆமா வே, இவன் பாத்த வண்டிதான்" என்றார் கடைக்காரரிடம். மூன்று வருடமும் யார் கேட்டாலும் அதையே சொன்னார்.

நேற்று சேவியர் மாமா வண்டியின் டிக்கியைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தார். பிரசவத்துக்குப் போகும்போது அத்தை கொண்டுபோகும் துணிப்பைக்குள் சின்னத் தூக்குச்சட்டி ஒன்று இருந்தது. உள்ளே அவித்துக் காயவைத்த துணி, நூல்கண்டு, பிரிக்காத பிளேடு. மாமா அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இதுல உங்க அம்மை பேருலா வெட்டியிருக்கு. உங்க வீட்டுச் சட்டியா?"

இனி மறைத்துப் பயனில்லை. டேப் ரிக்கார்டருக்கும் குஞ்சத்துக்கும் ஆசைப்பட்டு நான் தேர்ந்தெடுத்தது சிவப்பு வண்டி. அது எப்படியாவது தேறட்டும் என்று, அன்றைக்கு அத்தையின் தூக்கை ஒளித்துவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து நான்கு விரல் உயரம் குறைந்த தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தேன். நம் ஊரில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும் என்பது கெட்டிக்காரனான எனக்கு நினைவுக்கு வரவில்லை. அத்தையின் தூக்கை அன்றே திருப்பி வைத்துவிட்டேன். எங்கள் தூக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. அம்மா ஒரு வாரம் தேடினாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன்.

மண்ணைத் தட்டிய அன்றைக்கே அத்தை அந்தப் பெயரைப் படித்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பார்த்த சிவப்பு வண்டியில் பேச்சியம்மாள் வந்திருந்தால் நடுமேட்டில் நின்றுபோயிருப்பாள். அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

அந்தச் சட்டியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் கொடுக்கவில்லை, கொடுத்தால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன், எப்படியும் இன்றைக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

கோழி இன்றைக்கும் பச்சை வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தது. ஆறரைக்கு நான் போய் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.