சத்துணவு வரிசையில் என் மகள்

சவூதியிலிருந்து அவசர விடுப்பில் நான் வந்து சேர்ந்தபோது என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். டெங்கு. ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள். கழுத்தெலும்பு தெரிய, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெண்ணுக்கும் அதே வாரம் காய்ச்சல் கண்டது. தஞ்சாவூரில் ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில் இருவரும் கிடந்திருக்கிறார்கள். அந்தப் பெண் வீடு திரும்பவில்லை.

உடம்பு தேறியது. பள்ளிக்கூடம் என்றால் மட்டும் வயிறு வலித்தது. காலையில் சீருடை போட்டுக்கொள்வாள், இட்லியை வாந்தி எடுப்பாள். ஒரத்தநாட்டு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். கண்ணேறு என்றார்கள் அக்கம்பக்கத்தில். என் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளிடம் கெஞ்சினாள், அதட்டினாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள்.

நான் பைக்கில் கூட்டிப்போனேன். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். மெதுவாகத்தான் போக முடிந்தது. பள்ளிக்கூடத்து வளைவு வந்ததும் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தா, வண்டியத் திருப்புங்க."

வாய்க்கால் மதகில் நிறுத்தினேன். இறங்கி அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

"டீச்சர் திட்டுவாங்கன்னு பயமா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அவ உக்காந்த எடத்தப் பாக்க பயமா இருக்கா?"

அதற்கும் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்: "எனக்கு ஏறுனதாலதான் அவளுக்கு ஏறலையா அத்தா?"

எனக்கு விளங்கவில்லை. விட்டு விட்டுச் சொன்னாள். இறந்துபோன பெண்ணின் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு சமைக்கிறவர். பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஆயாம்மா. வார்டில் தினமும் ரத்தம் எடுத்து பிளேட்லெட் எவ்வளவு என்று சொல்வார்களாம். ஒருநாள் ஆயாம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு ஏறுதே, எம் புள்ளைக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறார். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக் கிடந்த என் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது மதியம் தட்டை நீட்டினால் ஆயாம்மா அதையே தன்னிடம் கேட்பார் என்று நம்பினாள்.

"ரத்தம் அப்படி ஒருத்தர்ட்டேருந்து ஒருத்தருக்குப் போறதில்லம்மா," என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். "ஆமாங்க, கேட்டாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். பெத்த மனசு, என்ன சொல்ல முடியும்? இவ தூங்குறான்னுதான் நெனச்சேன்," என்றாள்.

அன்று மதியம் தனியாகப் பள்ளிக்கூடம் போனேன். சாப்பாடு முடிந்து, சமையல்கூடத்துக்குப் பின்னால் அந்த அம்மா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாராம். நான் யாரென்று சொன்னதும் கை நின்றது.

"புள்ள நல்லா இருக்கா பாய்?"

"இருக்குக்கா. பள்ளிக்கூடம் வரத்தான் பயப்படுது." வார்டில் அவள் கேட்டதைச் சொன்னேன். அவர் சாம்பல் அப்பிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது காதுல விழுந்துச்சா?" என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா அதுக்குத் தைரியம் வரும்," என்றேன்.

"அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணும் இல்ல பாய். ஆனா பொய் சொல்ல மாட்டேன். அது தட்டத் தூக்கிக்கிட்டு எம் முன்னாடி வந்து நின்னா, பக்கத்துல எம் பொண்ணு எங்கன்னுதான் என் கண்ணு தேடும். என்னால அதத் தாங்க முடியாது. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? என் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் நிற்பதே கூச்சமாக இருந்தது.

தலைமையாசிரியையிடம் பேசினேன். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவது, வகுப்பிலேயே வைத்துச் சாப்பிடுவது, வேறு பெஞ்சில் உட்காருவது என்று ஏற்பாடு ஆனது. மகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "ஆயாம்மா உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு உன்மேல கோவமில்ல. உன்னப் பாத்தா அவங்களுக்கு அவ ஞாபகம் வருது, அவ்வளவுதான்."

மறுநாள் வந்தாள். மணி அடிக்கும்வரை கேட்டுக்குள் போகவில்லை. நான் வெளியே புங்கமரத்தடியில் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாக அடிக்கடி எட்டிப் பார்த்தாள். மதியம் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்க, அவள் மட்டும் வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்தாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள். இப்படியே போனது. வாந்தி நின்றது. சாயங்காலம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

என் விடுப்பு முடியும் தறுவாயில் ஒருநாள் மதியம் அவளைப் பார்த்துவிட்டு வரப் போனேன். கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தால் வரிசையில் நின்றிருந்தாள். கையில் தட்டு. எங்கே வாங்கினாளோ தெரியாது. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர, அவள் ஆயாம்மாவின் எதிரே வந்து தட்டை நீட்டினாள்.

அந்த அம்மா கரண்டியை உடனிருந்த உதவியாளரிடம் கொடுத்துவிட்டுச் சமையல்கூடத்துக்குள் போய்விட்டார். கதவு சாத்தப்படவில்லை. உள்ளேயிருந்து சத்தமும் வரவில்லை. மற்றவர் சோறும் முட்டையும் வைத்தார். என் மகள் அங்கேயே, தாழ்வாரத்தில், மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ஏம்மா வரிசைக்குப் போன?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"ஆயாம்மாகிட்ட சொல்லணும்னு போனேன். வார்டுல நீங்க இல்லாதப்பல்லாம் அவ ஒங்களத்தான் கூப்ட்டுக்கிட்டே இருந்தான்னு. சொல்றதுக்குள்ள உள்ள போயிட்டாங்க."

நான் சவூதி திரும்பிய பிறகு மனைவி போனில் சொன்னாள்: ஆயாம்மா மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு பூதலூர்ப் பக்கம், தன் தங்கை ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாராம். மகள் லீவு போடாமல் பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்றாள். போனை அவளிடம் கொடுத்தாள்.

"ஆயாம்மா என்னாலதானே போனாங்க அத்தா?"

"உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா."

"தப்பான்னு நான் கேக்கல."

வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லி அவளே போனை வைத்துவிட்டாள்.