தேவதையின் முறிந்த வாள்

ஈர சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் ஒன்பது வயது ஆகிவிட்டது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில், முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவாக ஒரு கல்தேவதை நிற்கிறது. ஒருநாள் அதன் வாளில் தொங்கி ஊஞ்சலாடினேன். இறங்கிப் பார்த்தால் வாள் பாதிதான் இருந்தது. முறித்துவிட்டேன்! மீதியை மண்ணில் துழாவியும் கிடைக்கவில்லை. அந்த வாரமே மழை கொட்டி, அப்பா உப்பளத்தில் வாரிவைத்த உப்புக் குவியல் கரைந்தது. "எவன் செஞ்ச பாவமோ!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டபோது நான் கட்டிலுக்கடியில் கிடந்தேன். கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் செய்யாத பாவங்களைக்கூடச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

நாற்பது வருஷ அவஸ்தை போதும் என்று இன்று கொத்தனாரைக் கூட்டிவந்து வாளை முழுசாக்கினேன். கோயில் உபதேசியார் அலறிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, யாரு உன்ன ஒட்டச் சொன்னது? சண்டை முடிஞ்சிடுச்சுன்னு காட்டத்தான் முறிஞ்ச வாளாவே செதுக்கி வச்சாங்க!"

"அப்போ நான் முறிக்கலையா?"

"நீ எங்க முறிக்கிறது? சாமியார் வர்றதுக்குள்ள அத எடு!"

கொத்தனாரிடம் சுத்தியலை வாங்கினேன். செய்யாத பாவத்துக்கு நாற்பது வருஷம் நடுங்கியாயிற்று, செய்துவிட்டாவது தொலைகிறேன்.