வாய் ஒட்டிய அபியு

உங்கள் உதடு இரண்டும் சேர்ந்து ஒட்டி, வாயைத் திறக்கவே முடியாமல் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. காரணம் ஒரு பழம்.

அபியு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த சாதி. எலுமிச்சம்பழத்தை ஊதிப் பெரிதாக்கியது போல மஞ்சளாக இருக்கும். பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை பார்த்த மாமா, மலாயில் பாசார் மாலாம் என்று சொல்லும் இரவுச் சந்தையில் ஒரு கன்று வாங்கி, ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நட்டிருந்தார். மூன்று வருடம் அதற்கு அவர் செய்த சேவையைப் பார்த்து அம்மாவுக்கே பொறாமை. கடைசியில் காய்த்தது ஒன்றே ஒன்று. அது மஞ்சளாகத் தொடங்கிய அன்றே மாமா பறித்துவிட்டார். காம்புப் பக்கம் இன்னும் பச்சை. எங்களுக்கு ஒரு துண்டு கிடையாது. மாதா கோயிலில் எங்களுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கும் அக்காவுக்காம். என்னிடம்தான் கொடுத்தனுப்பினார்.

"குடுத்துட்டு ஓடி வந்துராத. மாமா மரத்துல மொத பழம், ஒங்களுக்குத்தான்னு வாயத் தொறந்து சொல்லணும். வெளங்குதா?"

அம்மா விடவில்லை. "ஏன், அந்த வீட்டுக்கு ஒனக்குப் போற ஜாலான் தெரியாதா?"

மாமா காதில் விழாதது போல மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

அக்கா வீடு மூன்று சந்து தள்ளி. இரண்டாவது சந்திலேயே நான் கவிழ்ந்தேன். போன ஞாயிறுதான் ஏவாள் கதை நடத்தியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தபோது பழம் என் பல்லில் இருந்தது. உள்ளே நுங்கு போலச் சதை. என்ன தித்திப்பு! இன்னொரு கடி. அப்புறம் இன்னொன்று. தோலிலிருந்து வெள்ளையாகப் பால் கசிந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை.

அக்கா கதவைத் திறந்தபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உதடுகள் கோந்து போட்டது போல ஒட்டிக்கொண்டிருந்தன. கடித்த பாதிப் பழத்தை நீட்டினேன். கண்ணீர் ஊற்றியது. இனி வாழ்நாள் முழுக்கச் சோறு கிடையாது என்று முடிவே செய்துவிட்டேன்.

"யாருடி குடுத்தா இத?"

"ம்ம்ம்."

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து என் வாயை மீட்டார். திறந்த வேகத்தில் மாமா சொன்னதை ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தார். போச்சு, மாமாவுக்கு இன்று இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தது.

"முழுசா மஞ்சளாகாம பறிச்சா பால் ஒட்டும். இது தெரியாமலா மரம் வளக்கிறீங்க?"

மாமா தரையைப் பார்த்தார். "அப்ப அடுத்த பழத்த நீங்களே வந்து பாத்து சொல்லுங்க லா."

அவர் வந்தார். வாரம் மூன்று தடவை வந்தார். மரத்தில் அப்போது ஒரு பூகூட இல்லை. பழமே இல்லாத மரத்தில் பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒரு டீச்சர் ஏன் பவுடர் பூசிக்கொண்டு வர வேண்டும்? எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை.

இப்போது மரத்தில் பதினேழு காய். அத்தை இன்னும் ஒன்றையும் பறிக்க விடவில்லை.