பதினொரு கோடுகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் கோட்டக்கா. புருஷன் தையல்காரர். தையல்காரருக்கு ஒரே அக்கா. அந்த அக்காவைக் கட்டியவர்தான் சூரிய மின்நிலையத்தில் சூப்பர்வைசர். அவர் கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர், ஏழும் வாய் ஓயாத பிறவிகள். இவர் ஒருவர் மட்டும் பேச வேண்டிய இடத்தில் முறைப்பார். ஆறு வருஷத்துக்கு முன், "என் மச்சினன் பொண்டாட்டி. கைவேலை சுத்தமா இருக்கும்" என்று அத்தனை பெரிய வாக்கியத்தை அவர் சொன்னதே அவளை வேலைக்குச் சேர்க்கத்தான்.

வேலை இதுதான். இரும்புக் கால்களின்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள் சூரியனைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அவற்றைப் பிடித்திருக்கும் நட்டுகளை அவள் ஸ்பேனரால் முறுக்குவாள். போதுமான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும். உடனே நட்டின்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. நட்டு துளி திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வருஷத்தில் அவள் போட்ட கோடு ஒன்றுகூட விலகியதில்லை.

அந்த மாதம் பதினொன்று விலகின. எல்லாம் மேற்கு ஓரத்து முதல் இரண்டு வரிசைகளில்.

இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளை, ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கு. "ஒரு மாசமா காத்து மணிக்கு முப்பது கிலோமீட்டரத் தாண்டவே இல்ல, பாருங்க. ஐம்பது வந்தாத்தான் காத்துக்குத் தப்பிக்கப் பலகை எல்லாம் மோட்டார்ல தானா மட்டமாப் படுக்கும். படுக்கவே இல்லியே. காத்தே இல்லாம நட்டு எப்படிக்கா கழலும்?"

"டக்குனு சத்தம் கேட்டுத்தான் சார் கைய எடுத்தேன்."

"அப்ப நட்டு பொய் சொல்லுதா?"

திங்கள்கிழமை முதல் ஸ்பேனருக்கு வேறு ஆள், அவளுக்குப் பலகை துடைக்கும் வேலை என்று முடிவானது. வெளியே வந்ததும் சூப்பர்வைசர் வாய் திறந்தார். "நான் சொல்லித்தானேம்மா எடுத்தாங்க. என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது?"

வீட்டில் தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். "மாமா திட்டினாரா?"

"பேசினாரு. அதான் பயமா இருக்கு."

"ஒரே எடத்துல தையல் பிரிஞ்சா நான் நூலத் திட்ட மாட்டேன். சட்டையப் போட்டவன் எவ்வளவு குண்டுன்னு பாப்பேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் காஜா எடுக்கப் போய்விட்டார். அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஓரத்து வரிசை ஒரு வீட்டின் மூத்த மருமகள் மாதிரி. வருகிற அடியை எல்லாம் முதலில் வாங்குவது அதுதான். மற்றவை அதன் முதுகுக்குப் பின்னால் பிழைத்துக்கொள்ளும். காற்று ஒரே தள்ளாகத் தள்ளினால் இரும்பு தாங்கும். ஆட்டி ஆட்டி விட்டால்தான் நட்டு கழலும். அப்படி ஆட்டிய காற்று கம்ப்யூட்டர் கண்ணில் மட்டும் படாமல் எங்கே போயிற்று?

மறுநாள் சனிக்கிழமை. சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் மொட்டைமாடியில் டிபன் பாக்ஸ் கழுவப் போனாள். அங்கே புதுத் தண்ணீர்த் தொட்டி, யானைக்குட்டி அளவு. பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருவதில்லை என்று அவளே ஆறு மாதம் நச்சரித்து, போன மாதம்தான் சூப்பர்வைசர் கொண்டுவந்து வைத்தார். தொட்டியை ஒட்டிக் கிழக்கே, அதைவிடக் குட்டையாக ஒரு கம்பி. கம்பி உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் சுற்றும். காற்றின் வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான்.

டிபன் சுற்றிவந்த துணியைப் பிழிந்து தொட்டிக்கு மேற்கே உதறினாள். துணி கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கம்பி இருந்த இந்தப் பக்கம் வந்தாள். துணி செத்த பாம்பாகத் தொங்கியது. மேலே கிண்ணம் அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே! கொஞ்சம் மேல வாங்க!"

சூப்பர்வைசர் முட்டிவலியோடு ஏறிவந்தார். துணியைக் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா வெளையாட்டு?"

"புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

போய் நின்றார். துணி பறந்து சுவரைத் தாண்டிப் போனது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"இத யாரு இங்க வெச்சது?"

"நீங்கதான்."

"கேட்டது யாரு?"

"நான்தான்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான், அதுவும் இரண்டு பேர் பங்கு போட்டு.

மேற்கே வானம் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிப் பார்த்தால் கம்ப்யூட்டர் இருபத்தெட்டு என்றது. இன்ஜினியர் வெளியூரில், போன் எடுக்கவில்லை. காற்று வராமல் போனால், நல்ல வெயிலில் பலகைகளை ஏன் படுக்க வைத்தாய் என்ற கேள்விக்குச் சூப்பர்வைசர்தான் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் அவரே பலகைகளைப் படுக்க வைக்கும் பட்டனை அழுத்தினார். மோட்டார்கள் முனகின. பலகைகள் ஒவ்வொரு வரிசையாக மட்டத்துக்கு வந்தன.

கடைசி வரிசை படுத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, காற்று வந்தது. கால்மணி நேரம் அடித்துவிட்டு, வந்த வழியே தெரியாமல் போயிற்று. சைக்கிள் கொட்டகையின் தகரம் ஒன்று கேட்டுக்கு வெளியே கிடந்தது. கம்ப்யூட்டரில் முப்பத்திநாலு.

"முப்பத்திநாலுக்கு எங்கயாவது தகரம் பறக்குமா?" என்றார் சூப்பர்வைசர். இருவரும் முதல் வரிசைக்கு நடந்தார்கள். அவள் திரும்ப முறுக்கிப் போட்டிருந்த பதினொரு கோடுகளும் இம்மியும் நகரவில்லை.

திங்கள்கிழமை இன்ஜினியர் முன்னால் அவரே போய் நின்றார். "தொட்டிய அங்க வெச்சது நான் சார். கிண்ணத்துக்கு அது சுவர் மாதிரி மறைச்சிடுச்சு. தங்கச்சி வேலையில கொறையில்ல."

இன்ஜினியர் மாடி ஏறி, தன் கைக்குட்டையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று தடவை நடந்தார். இறங்கி வந்தபோது காது சிவந்திருந்தது. "ஸ்பேனர நீங்களே வெச்சுக்கங்கக்கா. மொதல்ல தொட்டிய எடுத்துரலாம்."

"ஐயோ சார், கிண்ணத்த எடுங்க! தண்ணி இப்பதான் வருது."

கிண்ணம் மேற்கு ஓரத்தில் உயரமான கம்பத்துக்குப் போனது. தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. புதுக் கம்பத்தின் அடி நட்டுகளை முறுக்கி அவள் கோடு போட, பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசர், "வேற ஏதாவது வேணும்னா இப்பவே கேட்டுரு" என்றார்.

"மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வேணும்ண்ணே. உங்க முட்டிக்குத்தான்."

அவர் முறைத்தார். "அது எந்தக் காத்த மறைக்கும்னு பாத்துட்டுச் சொல்றேன்."