பல் அச்சும் மூச்சும்

முத்துக்குளிப்பு தொடங்க ஒரு மாதமே இருந்தது. நீண்ட காய்ச்சலில் பற்களை இழந்திருந்த நான், மறுபடியும் கடலில் இறங்கிவிடலாம் என்றே நம்பியிருந்தேன். பல் கட்ட அச்சு எடுப்பதற்காக, வைத்தியர் குழைத்த வெள்ளை மாவைத் தட்டோடு என் வாயில் வைத்து அழுத்தினார். முத்துக்குளிக்கும் குளியாளின் பழக்கத்தில் கை தானாக மூக்கைப் பொத்தியது.

“அண்ணாச்சி, இங்கன என்ன கடலா கெடக்கு? மூக்கால மூச்சு விடுங்க!”

வைத்தியர் சொல்லிச் சிரிக்க, கூட வந்த என் மனைவியும் சிரித்தாள். நான் மூக்கை விடவில்லை; மூச்சடக்கி, மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லத் தொடங்கினேன். கடலடியில் ஒரே மூச்சில் ஐந்து முறை சொல்லுவேன். அன்று இரண்டாவது முடியுமுன் நெஞ்சடைத்தது. இருமலில் மாவு உடைந்து மடியில் விழுந்தது.

அவள் சிரிப்பு நின்றது.

“இனி நீங்க கடல்ல எறங்காண்டாம்.”

வைத்தியர் புது மாவு குழைத்தார். ‘மாதாவே, வேறு தொழில் தெரியாதே’ என்று வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.